அந்த ஒருவரிடம் சொல்லலாமா?

உங்களால் ஒரு கம்பெனி மூழ்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றே ஒன்றும் செய்யவில்லை. சுலபமாக ஊகிக்கக்கூடிய ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தீர்கள், அவ்வளவுதான். உங்களோடு சேர்த்து 700 பேருக்கு வேலை போய்விட்டது. காரணம் நீங்கள்தான் என்பது முதலாளிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவர் உங்களிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

கற்பனை இல்லை, நடந்த கதை. இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரில் 'நைட்ஸ் ஆஃப் ஓல்டு' என்று ஒரு லாரி கம்பெனி இருந்தது. 1865-ல், குதிரை வண்டிக் காலத்தில் ஆரம்பித்தது. இரண்டு உலகப் போர்களைப் பார்த்தது. கடைசியில் கே.என்.பி. என்ற குழுமத்தின் கீழ் 500 லாரிகள் வரை ஓடிக்கொண்டிருந்தன. 2023 ஜூனில் 'அகிரா' என்கிற ஹேக்கர் கும்பல் உள்ளே புகுந்தது. கம்பெனியின் கணக்குவழக்கு அத்தனையையும் பூட்டிவிட்டு, சாவி வேண்டுமானால் பணம் எடு என்றது. ஐம்பது லட்சம் பவுண்டு வரை கேட்பார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் கணக்குப் போட்டார்கள். அவ்வளவு பணம் இல்லை. செப்டம்பரில் கம்பெனி திவால். 158 வருஷம் முடிந்தது.

ஓர் ஊழியரின் பாஸ்வேர்டை ஊகித்துத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும் என்பது கம்பெனித் தரப்பின் முடிவு. அதன் இயக்குநர் ஒருவர் 2025-ல் பி.பி.சி.யிடம் பேசும்போது, அந்த ஊழியரிடம் இதைத் தான் சொல்லவே இல்லை என்றார். நீங்களாக இருந்தால் தெரிந்துகொள்ள விரும்புவீர்களா என்று திருப்பியும் கேட்டார்.

நல்ல மனிதர் என்றுதான் முதலில் தோன்றுகிறது. சொல்லி என்ன ஆகப்போகிறது? போன கம்பெனி வரப்போவதில்லை. ஒரு மனுஷன் மிச்ச வாழ்நாள் முழுக்கத் தூங்காமல் புரண்டுகொண்டிருப்பான். விட்டுவிடலாமே.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் மனசு நெருடுகிறது. வளர்ந்த ஓர் ஆளிடம் அவர் சம்பந்தப்பட்ட உண்மையை மறைக்க நமக்கு என்ன உரிமை? அதே பாஸ்வேர்டை அவர் தன் பேங்க் கணக்குக்கும் வைத்திருந்தால்? அடுத்த வேலையிலும் அதையே போட்டால்? கருணை என்று நாம் நினைப்பது சில சமயம் சங்கடமான பேச்சைத் தவிர்ப்பதற்கான சாக்காகவும் இருக்கலாம்.

சொல்லலாமா கூடாதா என்று பட்டிமன்றம் வைப்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். 'அவரால்தான் போச்சு' என்பது முதலில் உண்மையா?

காரணம் வேறு, குற்றம் வேறு. குற்றவாளி அகிரா கும்பல். அதை மறந்தே போகிறோம், பாருங்கள். ஊழியர் வெறும் காரணம், அதிலும் பல காரணங்களில் ஒன்று. ஊகித்த பாஸ்வேர்டு ஒன்றே உள்ளே வரப் போதுமானதாக இருந்தது என்றால், அந்த வழியில் இரண்டாவது பூட்டு இல்லை, அல்லது வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? உள்ளே வந்தவனால் எல்லா அறைக்கும் போக முடிந்தது என்றால், அறைகளுக்கு நடுவே கதவு போதவில்லை. இதெல்லாம் அந்த ஊழியர் முடிவு செய்த விஷயங்களா?

நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும். அந்தக் கம்பெனி அசட்டையாக இருந்ததாகச் சொல்லிவிட முடியாது. தொழிலுக்கு உரிய தரப்படிதான் எல்லாம் வைத்திருந்தோம், சைபர் இன்ஷூரன்ஸும் எடுத்திருந்தோம் என்றார்கள். அப்படியும் தப்பவில்லை.

பழியை ஓர் ஆள் தலையில் இறக்கிவைப்பது பெரிய இடத்திலும் நடக்கும். அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் 2017-ல் சுமார் 14.7 கோடிப் பேரின் சொந்த விவரங்களைப் பறிகொடுத்தது. ஒரு சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டையை அடைக்க மார்ச்சிலேயே மருந்து வந்துவிட்டது. அவர்கள் போடவில்லை. மே மாதம் திருடர்கள் வந்துவிட்டார்கள். தலைமைப் பதவியிலிருந்து விலகியிருந்த ரிச்சர்ட் ஸ்மித், அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால், தகவலை உரியவர்களுக்குச் சொல்லவேண்டிய ஒருவர் சொல்லவில்லை என்றார். பின்னால் துருவிப் பார்த்ததில், போகிற வருகிற தகவல்களைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் அப்படியே கிடந்தது தெரிந்தது. வாட்ச்மேன் இருந்தார்; கண்ணைக் கட்டி உட்காரவைத்திருந்தார்கள்! கோடிக்கணக்கான பேரின் ஜாதகம் ஒரே ஒருவரின் ஞாபகசக்தியை நம்பி இருந்தது என்றால், அப்படி இருக்கவிட்டது யார்?

'ஜாக்கிரதையாக இருந்தால் போதும்' என்றும் இனிமேல் சொல்ல முடியாது. ஆரப் என்ற பிரிட்டிஷ் இன்ஜினீயரிங் கம்பெனியின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, ரகசியமாகப் பணம் அனுப்பச் சொல்லி மேலதிகாரி பெயரில் இமெயில் வந்தது. சந்தேகப்பட்டார். அப்புறம் ஒரு வீடியோ மீட்டிங். மேலதிகாரி இருந்தார், தெரிந்த முகங்கள் இருந்தன, பேசினார்கள். நம்பி 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அத்தனை முகங்களும் கம்ப்யூட்டர் தயாரித்த போலி. 2024-ல் வெளியே வந்த செய்தி இது. அவர் செய்த தப்பு என்ன சொல்லுங்கள்? தன் கண்ணை நம்பினார்.

இப்போது நார்வே. அலுமினியம் தயாரிக்கும் நார்ஸ்க் ஹைட்ரோ, சுமார் 35,000 ஊழியர்கள். 2019 மார்ச்சில் இதே மாதிரி பூட்டுப் போட்டார்கள். அங்கேயும் ஓர் ஊழியர், நம்பிக்கையான வாடிக்கையாளரிடமிருந்து வந்த இமெயிலைத் திறந்ததுதான் ஆரம்பம். நிர்வாகம் என்ன செய்தது? பணம் தரமாட்டோம் என்றது. நடந்ததை அன்றைக்கே உலகத்துக்குச் சொன்னது. பேப்பரையும் பேனாவையும் வைத்து வேலையை ஓட்டினார்கள். ரிட்டயரான பெரியவர்கள் பழைய முறை தெரியும் என்று உதவிக்கு வந்தார்கள். நஷ்டம் சுமார் 7 கோடி டாலர். ஆனால் கம்பெனி நின்றது. பெரிய கம்பெனி, தாங்கிக்கொண்டது என்பீர்கள். சரிதான். ஆனால் தகவல்களுக்கு நல்ல நகல் எடுத்து வைத்திருந்தார்கள். அதைச் சின்னக் கம்பெனியும் செய்யலாம்.

அதனால், நாலு பேர் வேலை செய்யும் ஆபீஸ் நடத்தினாலும் சரி, சில விஷயங்கள் முதலாளியின் கடமை. பாஸ்வேர்டோடு இரண்டாவது பூட்டு கட்டாயம். தகவல்களுக்கு ஒரு நகல், நெட்வொர்க்கோடு ஒட்டாமல் தனியாக இருக்கவேண்டும். அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று அவ்வப்போது எடுத்தே பார்க்கவேண்டும். சாஃப்ட்வேர் அப்டேட்டை 'அப்புறம்' என்று தள்ளக்கூடாது. யாருக்கு எது தேவையோ அது மட்டும் திறக்கட்டும். பேங்க் கணக்கு எண் மாறிவிட்டது என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டுக் கேட்கவேண்டும். மெயிலில் இருக்கும் நம்பருக்கு அல்ல.

இதில் எதையும் கடையில் வாங்கிவிடலாம். வாங்க முடியாதது ஒன்று உண்டு: 'சார், நான் ஒரு லிங்க்கை அமுக்கிட்டேன், என்னவோ ஆயிடுச்சு' என்று ஓர் ஊழியர் உடனே ஓடிவந்து சொல்லும் தைரியம். பணம் போயிருந்தால் 1930-க்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது. இந்தியாவில் இப்படிப்பட்ட தாக்குதலைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2022-லேயே உத்தரவு இருக்கிறது. திட்டுக்குப் பயந்து அந்த ஊழியர் இரண்டு நாள் வாயைத் திறக்காவிட்டால் இதெல்லாம் எதற்கு?

அப்படியானால் ஊழியருக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. மாற்றச் சொல்லியும் கேட்காமல் பிறந்தநாளையே பாஸ்வேர்டாக வைத்திருப்பது தப்புதான். ஆனால் அந்தத் தப்புக்கு உரிய அளவு ஒரு கண்டிப்பு. 700 குடும்பங்களின் பாரம் அல்ல.

முதல் கேள்விக்கு வருகிறேன். சொல்லலாம் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் பாதியை மட்டும் சொல்லக்கூடாது. 'உன் பாஸ்வேர்டு வழியாக வந்தார்கள். அது ஒன்றே போதும் என்கிற மாதிரி ஆபீஸை வைத்திருந்தது நாங்கள்' என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல மனசு வராத முதலாளி, முதலாவதையும் சொல்லாமல் இருப்பது உத்தமம்.

நாளைக் காலை ஆபீஸ் போனதும் ஒன்று செய்யுங்கள். தப்பான லிங்க்கை அமுக்கிவிட்டால் முதலில் யாரிடம் சொல்வாய் என்று உங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால், சரி செய்ய வேண்டியது கம்ப்யூட்டரை அல்ல.