உல்லாசச் சவாரியும் சுமக்கும் முதுகும்

பொழுதுபோக்குக்காகத் திறந்தவெளியில் குதிரையேறிச் செல்பவர் எவ்வளவு நேரம் செல்லலாம் என்னும் வினா, உடற்பயிற்சி ஆசிரியரோ கால்நடை மருத்துவரோ ஒரு வரியில் விடை சொல்லிவிடக் கூடியதாகத் தோன்றும். ஆனால் ஒருவருடைய ஓய்வு மற்றோர் உயிரின் உழைப்பால் மட்டுமே நிகழும் இடத்தில், அந்த ஓய்வின் அளவை முடிவுசெய்யும் உரிமை யாருக்கு என்னும் அறவியல் வினா அதற்குள் அடங்கியிருக்கிறது. நடந்து உலாவுபவர் தம் கால்களையே களைக்கச் செய்கிறார். சவாரி செய்பவரோ சேணத்தின் மேல் இளைப்பாற, வேலை சேணத்தின் கீழ் நடக்கிறது. ஓய்வைப் பற்றி ஆழ்ந்து எண்ணிய மரபுகள் பலவும் இதைக் கண்டும் காணாமலும் கடந்திருக்க, சில மட்டுமே இதற்குள் நுழைந்து சட்டமாகவோ வழக்கமாகவோ ஏதேனும் சொல்ல முயன்றிருக்கின்றன.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) ஓய்வையும் விளையாட்டையும் இரண்டாகப் பிரித்தார். பிழைப்பின் நெருக்கடியிலிருந்து விடுபட்ட மனிதர், வேறொரு பயனைக் கருதாமல் தன்பொருட்டே செய்யத்தக்கவற்றில் ஈடுபடும் நிலை ஓய்வு; உழைத்துக் களைத்தவர் மீண்டும் உழைப்பதற்காக எடுத்துக்கொள்ளும் மருந்து விளையாட்டு; ஆகவே அது மருந்துக்குரிய வேளையிலும் அளவிலும் மட்டுமே கொள்ளத்தக்கது. இந்தக் கணக்கின்படி சவாரிக்கு விடை எளிது: களைப்பு நீங்கியதும் இறங்கிவிட வேண்டும். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனாஸ் இதே கருத்தைக் கிறித்தவ இறையியலுக்குள் கொண்டுவந்து, அளவு மீறி விளையாடுவதைப் போலவே, தாமும் விளையாடாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் முட்டுக்கட்டையாக இருப்பதும் குற்றமே என்று சேர்த்தார். குதிரையின் களைப்பை அரிஸ்டாட்டில் மறந்துவிட்டார் என்று சொல்வதற்கில்லை. அவர் அறிந்தே ஒதுக்கினார். நிகோமாக்கிய அறவியல் என்னும் நூலின் எட்டாம் பகுதியில், குதிரையிடமோ எருதிடமோ, அடிமை என்ற நிலையில் வைத்து அடிமையிடமோ, நட்புக்கும் நீதிக்கும் இடமில்லை என்றும், ஆள்பவருக்கும் அவற்றுக்கும் பொதுவானது எதுவுமில்லை என்றும் அவர் எழுதுகிறார். குதிரையும் அடிமையும் ஒரே மூச்சில் வெளியேற்றப்படுவதைக் கவனிக்க வேண்டும். ஏனெனில் ஏதென்ஸ் நகரத்துச் செல்வர் ஒருவர் சவாரிக்குப் போனபோது, அந்த இருவரும் அவருடன் போனார்கள்.

அந்தக் காட்சியைச் செனபோன் எழுதிவைத்திருக்கிறார். குதிரைப்படையில் பழகியவரும் குதிரையேற்றம் குறித்துத் தனி நூல் செய்தவருமான இவர், வீட்டு நிருவாகத்தைப் பற்றிய தம் உரையாடல் நூலில், இஸ்கோமாக்கஸ் என்னும் நிலக்கிழார் தம் காலைப்பொழுதைச் சாக்ரட்டீசிடம் விவரிப்பதாக அமைத்துள்ளார். நகரத்தில் வேலை இல்லாத நாளில், ஏவலாள் குதிரையைக் கையில் பிடித்துப் பண்ணைக்கு நடத்திச் செல்ல, இஸ்கோமாக்கஸ் தாமும் அதே வழியில் நடந்தே போகிறார். நகரத்துக் கூரையிட்ட நடைகூடத்தில் உலாவுவதைவிட இந்த நாட்டுப்புறச் சாலை மேல் என்பது அவர் எண்ணம். பண்ணையில் நடவோ விதைப்போ அறுவடையோ எது நடக்கிறதோ அதைப் பார்வையிட்டுத் திருத்தம் சொன்ன பிறகே குதிரையேறுகிறார். ஏறியபின் போர்க்களத்தில் நேரக்கூடிய சவாரியைப் போலவே சரிவு, பள்ளம், வாய்க்கால் எதையும் தவிர்க்காமல் ஓட்டுகிறார். ஆனால் குதிரையின் கால் ஊனப்பட்டுவிடாதபடி இயன்ற அளவு கவனம் கொள்கிறார். முடிந்ததும் ஏவலாள் குதிரையை மண்ணில் புரளவிட்டு, வீட்டுக்கு வேண்டிய பண்ணைப் பொருள்களோடு அதை நடத்திக் கூட்டிச் செல்ல, எசமானர் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வீடு திரும்பி, உடம்பின் வியர்வையையும் புழுதியையும் வழித்தெடுத்துவிட்டு, வயிறு காயாமலும் கனக்காமலும் பகலுணவு கொள்கிறார்.

இந்த விவரிப்பில் சவாரிக்கு இத்தனை நாழிகை என்ற கணக்கு எங்கும் இல்லை. இருந்தும் அதற்கு வரம்பு உண்டு. பண்ணைப் பார்வைக்கும் பகலுணவுக்கும் இடையில் அது நெருக்கப்பட்டிருக்கிறது, போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் குதிரையின் முதுகில் ஆள் இல்லை, சவாரி முடிந்தவுடன் அதற்குப் புரள இடம் கிடைக்கிறது. வேர்வையும் ஆள் அமர்ந்த அழுத்தமும் தீர மண்ணில் முதுகைத் தேய்த்துப் புரளுவது குதிரைக்கு எவ்வளவு தேவையானது என்பதை அறியாத ஒருவர் இவ்வரியை எழுதியிருக்க முடியாது. வற்புறுத்திச் செய்விக்கப்படுவதைக் குதிரை புரிந்து செய்வதில்லை என்றும், சவுக்கால் அடித்து ஆடவைக்கப்படும் கூத்தரின் ஆட்டத்தைவிட அதில் அழகு மிகுதியாக இருக்காது என்றும் தம் குதிரையேற்ற நூலில் வாதிட்டவருக்கு இது இயல்பே. ஆயினும் அந்த ஏவலாளின் பெயர் நூலில் வருவதில்லை. இரு வழியும் நடந்து, சுமையும் கொண்டுவந்த அவருடைய பகலுணவைப் பற்றியும் பேச்சில்லை.

இந்திய அரசியல் நூல்களில் முதன்மையான அர்த்தசாத்திரம் இவ்வினாவைச் சுருக்கமாகவும் இரக்கம் கலவாமலும் தீர்க்கிறது. அரசனின் பகலை அது எட்டுக் கூறாக்குகிறது; அவற்றுள் ஒரு கூறு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அவன் விருப்பம்போல் பொழுதுபோக்கவோ ஆலோசனை நடத்தவோ விடப்படுகிறது; யானை, குதிரை, தேர், படை ஆகியவற்றைப் பார்வையிடுவது அடுத்த கூற்றில் வரும் கடமை. ஏறிச் செல்லும் குதிரையின் ஒருநாள் தொலைவோ ஏறுபவரின் ஆசையைக் கேளாமல், அதன் தரத்துக்கேற்ப ஐந்து முதல் பத்து யோசனை (பழைய தொலைவு அளவு) வரை வகுக்கப்படுகிறது. போரிலும் நோயிலும் மூப்பிலும் தளர்ந்த குதிரைகளை வேலையிலிருந்து விடுவித்துத் தீனி மட்டும் கொடுத்துக் காக்கச் சொல்வதும் அதே அதிகாரந்தான். கருவூலத்தின் உடைமை கெடக்கூடாது என்பதே இங்கு நோக்கம் என்றாலும், கணக்கப்பிள்ளையின் கவனம் சில வேளைகளில் அருளாளரின் கருணையைவிட நம்பத்தக்கதாக இருக்கிறது.

யூதச் சட்ட மரபு இன்னும் நுட்பமான இடத்துக்குச் செல்கிறது. வாரத்தின் ஏழாம் நாளாகிய சபாத்து, எருதும் கழுதையும் இளைப்பாறுவதற்காகவும் விதிக்கப்பட்டது என்று விடுதலைப் பயண நூல் காரணம் கூறுகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் திரட்டு, அந்நாளிலும் திருநாள்களிலும் விலங்கின் மீது ஏறிச் செல்வதைத் தடுக்கிறது. தடைக்குக் காரணம் என்ன என்பதில் பின்வந்த இரு தால்முதுகள், அதாவது மிஷ்னாவுக்கு எழுந்த இரு பெரும் விளக்கத் தொகுப்புகள், வேறுபடுகின்றன. ஏறிச் செல்பவர் விலங்கை ஓட்டுவதற்காக மரக்கிளையை ஒடித்துவிடக் கூடும், ஒடிப்பது அந்நாளில் விலக்கப்பட்ட வேலை என்பது பாபிலோனியத் தொகுப்பின் விளக்கம். எருசலேம் தொகுப்போ, மனிதனுக்கு விதிக்கப்பட்டதைப் போலவே அவனுடைய விலங்கின் ஓய்வும் அவன் மேல் விதிக்கப்பட்ட கடமை என்னும் காரணத்தையும் தருகிறது. முதல் விளக்கத்தில் குதிரை ஒரு சூழ்நிலை மட்டுமே. இரண்டாவதில் அது சபாத்தின் பங்காளி. பாபிலோனியத் தொகுப்பிலேயே, உயிருள்ளது தன்னைத் தானே சுமக்கும், ஆகவே ஆளைச் சுமப்பது மூட்டையைச் சுமப்பதற்கு ஒப்பாகாது என்னும் விதியும் காணப்படுகிறது. இது வெறும் சட்டச் சாமர்த்தியம் அன்று. குதிரையின் நடையோடு தம் இடுப்பை இசைத்து உட்காரத் தெரிந்தவர், அதே எடையுள்ள மூட்டையைவிட முதுகுக்கு இலேசானவர் என்பது உண்மையே. ஆனால் அந்த இசைவு களைத்தவரிடம் நிலைப்பதில்லை. நெடுஞ்சவாரியின் இறுதிப் பகுதியில் தளர்ந்து சாய்ந்து உட்காரும் ஆள் மீண்டும் மூட்டையாகிவிடுகிறார். சவாரி எப்போது முடிய வேண்டும் என்பதற்கு இவ்விதி, அதை வகுத்தவர்கள் நினையாத ஓர் எல்லையைக் காட்டுகிறது எனலாம்.

இசுலாமிய மரபில் குதிரையைப் பழக்குவது வீண் பொழுதுபோக்குகளின் பட்டியலிலிருந்து விலக்களிக்கப்பட்ட சிலவற்றுள் ஒன்று. அபூ தாவூதின் தொகுப்பில் உள்ள ஒரு நபிமொழி, விலங்குகளின் முதுகை மிம்பராக, அதாவது பள்ளிவாசலில் உரையாற்றுபவர் ஏறி நிற்கும் மேடையாக, ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறது. தொலைவு கடக்கவே அவை மனிதனுக்கு வசப்படுத்தப்பட்டன, நின்று நடத்தும் காரியங்களுக்குப் பூமி இருக்கிறது என்பது அதன் கருத்து. நபிகள் தம் இறுதி ஹஜ்ஜில் ஒட்டகத்தின் மேலிருந்தே உரையாற்றியதால், தடை தேவையின்றி நெடுநேரம் அமர்வதைப் பற்றியது என்று உரையாசிரியர்கள் வரையறுத்தனர். வழியில் கண்டவரோடு சேணத்திலிருந்தபடியே ஊர்க்கதை பேசும் சவாரிக்காரரை இந்த எச்சரிக்கை நேராகவே தொடுகிறது.

இவை யாவும் ஒரு குதிரைக்கு ஒருவர் ஏறுகிறார் என்னும் எண்ணத்தில் எழுந்தவை. கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மெரினா மணலிலும் வாடகைக்கு நிற்கும் குதிரையிடம் இக்கணக்கு தவறிவிடுகிறது. ஏறுகிறவர்கள் ஒவ்வொருவரும் சிறிது நேரமே ஏறுகிறார்கள். அரிஸ்டாட்டிலும் அக்குவைனாசும் அவர்களில் எவர் மீதும் குறை காண இடமில்லை. ஆனால் அந்தச் சிறிது நேரங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரே முதுகில் விழுகின்றன. மிதம் என்பது தனியாளின் ஒழுக்கமாக மட்டும் நின்றால், மிதமானவர்கள் பலர் கூடி மிதமற்ற ஒன்றைச் செய்துவிட முடியும். அதற்கு வரம்பிட வேண்டியவர் குதிரைக்காரர், அவருக்கோ அன்றைய வருமானமும் கொள்ளுக்கும் புல்லுக்கும் ஆகும் செலவும் முன்னால் நிற்கின்றன.

அப்படியானால் ஏறாமல் விடுவதே அறம் என்று முடித்துவிடவும் இயலாது. ஐரோப்பிய நகரங்களில் வண்டியிழுத்த குதிரைகளுக்குத் திங்கட்கிழமை நோய் என்று பெயர்பெற்ற ஒரு கேடு உண்டு: ஞாயிறு முழுவதும் லாயத்தில் நின்று, வேலைநாளுக்குரிய தானியத்தைக் குறையாமல் தின்ற குதிரை, மறுநாள் வண்டியில் பூட்டிய சிறிது நேரத்தில் பின்தொடைத் தசைகள் கட்டையாய் இறுகி, வியர்த்து, அடியெடுத்து வைக்க முடியாமல் நின்றுவிடும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஓய்வு நாளில் தானியத்தைக் குறைப்பதும், சிறிதேனும் நடக்க விடுவதும் இதற்கு முன்காப்பு. மனிதர் ஓய்வுநாள் கட்டளையை நிறைவேற்றிய திருப்தியில் இருக்க, விலங்குக்கு நோயைத் தந்தது அந்த அசைவற்ற ஓய்வும் குறையாத தீனியும். ஆறு நாள் லாயத்தில் நிறுத்தி வைத்த குதிரையை விடுமுறை நாளில் அரைநாள் ஓட்டுபவர், மணிக்கணக்கில் இஸ்கோமாக்கசைவிடக் குறைவாகவே ஓட்டியிருக்கலாம்; ஆனால் குதிரைக்கு முந்திய ஆறு நாளும் சேர்ந்ததே அந்த அரைநாள். ஆகவே வாரம் ஒருமுறை மட்டும் வரக்கூடியவர், எவ்வளவு நேரம் ஏறலாம் என்பதற்கு முன், தாம் வராத நாள்களில் குதிரையை மேய்ச்சலுக்கு விடவும் நடத்திக் கூட்டிச் செல்லவும் யார் இருக்கிறார் என்று கேட்க வேண்டியவராகிறார். அப்படி நடத்துபவரின் ஓய்வு நாள் எது என்பது அதற்கடுத்த வினா.