விழுந்ததைச் சொல்லவேண்டுமா?

உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. ஒயரில் கால் தடுக்கியிருக்கலாம், வீடு மாற்றும்போது கை நழுவியிருக்கலாம். உடனே எல்லோரும் செய்வது, பட்டனை அமுக்கிப் பார்ப்பது. தயவுசெய்து வேண்டாம்.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியை மெல்லச் சாய்த்துக் கேளுங்கள். 'லொடலொட' என்றால் உள்ளே ஒரு ஸ்க்ரூ கழன்றிருக்கிறது. அது மதர்போர்டில் தப்பான இடத்தில் உட்கார்ந்தால் ஷார்ட் சர்க்யூட். பக்கத்து மூடியைத் திறந்தால், ப்ராசஸர் தலைமேல் ஹீட்சிங்க் என்ற கனமான ஆசாமி. ஆட்டம் கண்டிருக்கிறாரா பாருங்கள். ரேம் எழும்பியிருந்தால் எடுத்துத் திரும்பச் செருகலாம். பவர் சப்ளை டப்பாவை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆளைத் தூக்கிப் போடுமளவு மின்சாரம் மிச்சமிருக்கலாம்.

நிஜக் கவலை ஹார்ட் டிஸ்க். நிமிஷத்துக்கு 7200 தடவை சுற்றும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் உயரத்தில் அதன் 'ஹெட்' மிதக்கிறது. (நம் தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர்.) ஓடும்போது விழுந்தால் ஹெட் தட்டில் உரசிவிடலாம். அணைத்திருந்தால் ஒதுங்கி நிற்கும், பெரும்பாலும் தப்பிக்கும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதற்கே எதுவும் இல்லை. விஷமம் என்னவென்றால், உரசல் அன்றைக்கே தெரியாமல் போகலாம். கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடும். ஆனால் கெட்டுப்போன செக்டார்களை டிஸ்க்கே கணக்கு வைக்கிறது. 'ஸ்மார்ட்' என்று பெயர். இலவச மென்பொருளிலேயே பார்க்கலாம். அந்த எண் வாராவாரம் ஏறினால் ஃபைல்களை உடனே காப்பி எடுத்துவிடுங்கள்.

சரி, இந்தக் கம்ப்யூட்டரை விற்கப்போகிறீர்கள். வருகிறவர் கேட்கிறார்: "நல்லா ஓடுதா சார்?" "ஓடுது." பொய்யில்லை. விழுந்ததா என்று அவர் கேட்கவில்லை. நீங்களாகச் சொல்லவேண்டுமா?

கி.மு. 44-ல் சிசரோ தன் மகனுக்கு எழுதிய 'கடமைகள் பற்றி' நூலின் மூன்றாம் பாகத்தில் இதே வழக்கு வருகிறது; கம்ப்யூட்டருக்குப் பதில் ஒரு வீடு. சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் பாபிலோனிய டயோஜெனிஸ். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், குறையை விற்கிறவன்தான் சொல்லவேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம்.

டயோஜெனிஸை ஒரேயடியாகத் தள்ளிவிடமுடியாது. பெட்டி நசுங்கியிருந்தால் வாங்குகிறவருக்குக் கண் இருக்கிறது, பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் விழுந்த சங்கதி உங்கள் ஞாபகத்தில் மட்டும்தானே இருக்கிறது? அதை அவர் எந்த மூடியைத் திறந்து பார்ப்பார்? இதைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு. பரிசோதித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் சொல்லவேண்டிவரும் என்று மூடியையே திறக்கமாட்டார்கள். "எனக்கு எதுவும் தெரியாதே" என்பது நூறு சதம் நிஜம், அவர்களே பாடுபட்டுத் தயாரித்த நிஜம். என் கணக்கில் இது பொய்யைவிட மோசம்.

ஆபீசில் கதை வேறு. கம்ப்யூட்டரைக் கீழே போட்ட பையன் சம்பளத்தில் பிடிப்பார்களே என்று பயந்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறான். மூன்று மாதம் கழித்து வருஷக் கணக்கெல்லாம் காணாமல் போகிறது. அவன்மேல் மட்டும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. உண்மை சொன்னால் அபராதம் என்று வைத்த மேனேஜருக்கும் அதில் பாதி உண்டு.

விற்கிற விஷயத்துக்கு வருவோம். புது டிஸ்க் போட்டு, "ஒருமுறை விழுந்தது, டிஸ்க் மாத்தியாச்சு" என்று சொல்லிப் பாருங்கள். வருகிறவர் ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார். சொல்லாவிட்டாலும் அதைத்தான் கேட்டிருப்பார்.