பொருந்தும் என்னும் வாக்கு

வாகன உதிரிப் பாகக் கடைகளில் விற்கும் எல்.இ.டி. முகப்பு விளக்குப் பல்புகளின் பெட்டிகள் பலவற்றில், எல்லா வாகனங்களுக்கும் பொருந்தும் என்று அச்சிட்டிருக்கக் காண்கிறோம். அவற்றுள் சிலவற்றின் மூலையிலேயே, பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கன்று என்னும் பொருளில் பொடி எழுத்தில் ஓர் ஆங்கில வரியும் இருப்பதுண்டு. முதல் வரி விற்பனைக்கு. இரண்டாவது பொறுப்பைக் கைகழுவுவதற்கு. பிலாத்துவின் தண்ணீர்ப் பாத்திரம் அச்சகத்திற்கும் வந்துவிட்டது போலும்!

பொருந்துதல் என்பதுதான் யாது? எச்4 என்னும் ஹாலோஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. 'டிம்' வெளிச்சம் தரும் இழையின் கீழே சிறு கரண்டி போன்ற உலோக மறைப்பு ஒன்று அமைந்திருக்கிறது. அது ஒளியை விளக்கின் உட்குழிவில் மேற்பாதியில் மட்டும் விழச்செய்கிறது; அங்கிருந்து ஒளி சாலையை நோக்கிக் கீழிறங்குகிறது. ஒளி பிறக்கும் இடம் சற்றே மாறினாலும் இவ்வொழுங்கு குலைந்துவிடும். மாற்றாக வரும் எல்.இ.டி. பல்பின் மூன்று காதுகளும் பழைய இடத்தில் சரியாகவே அமர்கின்றன. ஆனால் ஒளி பிறக்கும் இடமும் வடிவும் வேறாக இருப்பதால், வெளிச்சம் மேல்நோக்கிச் சிதறி எதிரே வருபவரின் கண்ணில் பாய்கிறது. பின்புற விசிறி உள்ளே அடங்காதபோது இரப்பர் மூடியை வெட்டி இடம் செய்வாரும் உளர்; மழைக்காலத்தில் அவ்வழியே ஈரம் புகும்.

வாங்கியவருக்கோ குறையேதும் தெரிவதில்லை. அவருடைய சாலை முன்னிலும் வெளிச்சமாகவே இருக்கிறது. துன்புறுபவர் அந்தப் பெட்டியைக் கண்ணாலும் காணாதவர். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணியை நோக்கி இரவிலும் நடக்கும் திருப்பயணிகளை எண்ணிப் பார்ப்போம். எதிர்வெளிச்சத்தில் கண் கூசிய ஓட்டுநருக்குச் சாலையோரம் நடப்பவர் தெரிவாரா? மத்திய மோட்டார் வாகன விதிகளின் (1989) 106ஆம் விதி, விளக்கிற்கு 8 மீட்டர் முன்னால், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணை வைத்து, அக்கண் கூசலாகாது என்கிறது. சட்டம் அளந்து வைத்த அந்தக் கண் வாங்குபவருடையதன்று.

இதற்கு ஒத்த வழக்கொன்று உண்டு. 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சிப் பானத்தில் செத்த நத்தை கிடந்ததென்று ஒரு பெண்மணி வழக்குத் தொடுத்தார். காசு கொடுத்தவர் அவரல்லர். தயாரிப்பாளரோடு அவருக்கு ஒப்பந்தமும் இல்லை. ஆயினும், அவர் சொல்வது உண்மையாயின் தயாரிப்பாளர் அவருக்கும் கடமைப்பட்டவரே என 1932இல் பிரித்தானியப் பிரபுக்கள் அவை பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. அதில் ஆட்கின் பிரபு துணைகொண்டது, லூக்கா நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில் திருச்சட்ட அறிஞர் ஆண்டவரிடம் எழுப்பிய, அடுத்திருப்பவர் யார் என்னும் கேள்வியையே. நம் செயலால் தீங்குறக்கூடும் என்று நாம் நியாயமாக முன்னுணரத்தக்க எவரும் அடுத்திருப்பவரே என்பது அவர் கண்ட விடை.

தயாரிப்பாளர் மெக்கானிக்கைக் கைகாட்டுகிறார், மெக்கானிக் வாடிக்கையாளரை, அவரோ கடைக்காரரை. ஒவ்வொருவருக்கும் பங்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அது சமபங்கு என்று நாம் கருதவில்லை. ஒளி எங்கே விழும் என்று சோதிக்கும் கருவியும் அறிவும் தயாரிப்பவரிடமன்றோ உள்ளன? மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பும் கடமையை இணைச் சட்ட நூல் (22:8) வீடு கட்டுபவர் மீதே சுமத்துகிறது; விழுந்தவர் கவனமாக இருந்திருக்கலாமே என்று அது வாதாடவில்லை. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் பொருளின் குறையால் விளையும் தீங்கிற்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது.

ஒவ்வொரு வாகனத்திலும் பொருத்திச் சோதிப்பது நடக்கிற காரியமா என்பர். நடந்திருக்கிறது. 2020இல் ஜெர்மனியில் ஓஸ்ராம் நிறுவனத்தின் எல்.இ.டி. மாற்றுப் பல்பிற்குச் சாலை அனுமதி கிடைத்தபோது, சோதித்துப் பார்த்த கார் வகைகளின் பட்டியலும் உடன் வந்தது. பட்டியலில் இல்லாத காரின் உரிமையாளருக்கு அங்கே கிடைத்த விடை, பொருந்தாது என்பதே.