பழைய பெட்டி

ஸ்டோவ்னரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். மூவருக்கும் றெஸ்ரோறன்ற் வேலை. மூவரும் ஊரில் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள். நடுச்சாமத்தில் அயலவர் எழும்பாதபடி ஹெட்போன் போட்டுக் கிற்றார் வாசிப்பதுதான் எங்கள் ஒரே ஆடம்பரம்.

கிற்றாரின் ஒலியைக் கரகரப்பாக்க, காலால் மிதிக்கும் பச்சைப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். ஐபனேஸ் கம்பனி 1979இல் கொண்டுவந்த ரியூப் ஸ்கிறீமர் 808. ஓவர்ரைம் காசில் வாங்கியது. இப்போது எங்களில் ஒருவனின் தங்கைக்குக் கலியாணம், விற்கவேண்டும். வாங்க வந்த பெடியன் இங்கே பிறந்தவன். "அண்ணை, உண்மையா இது புதுசைவிட நல்ல சத்தமோ?" என்று கேட்டான். ஓம் என்றிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வாய் வரவில்லை.

பழசெல்லாம் ஒன்றல்ல. வேலைத்தலத்தில் பழைய தோசைக்கல் உண்மையாகவே நல்லது: எண்ணெய் சூட்டில் இரும்போடு படிந்து இறுகுவதால் மா ஒட்டாது. இந்தப் பெட்டிக்குள் அப்படி எதுவும் படிவதில்லை. உள்ளே 4558 என்ற சிப். அந்த வகைச் சிப்பை இன்றும் சில குரோணருக்கு வாங்கலாம். மின்தேக்கிகளோ வருடம் போகப்போகக் காய்ந்து குணம் மாறும். ஸ்டீவி றே வோன் 1980களில் இந்த வகைப் பெட்டியை மிதித்தபோது அது புதுப்பெட்டி என்பதை நாங்கள் எப்படி மறந்தோம்?

1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் பெட்டியின் கதை வேறு. அதன் ஜெர்மானியம் ட்ரான்சிஸ்டர்கள் ஒன்றுபோல் ஒன்று இராது, சூடு ஏறினால் ஒலியும் மாறும். அதில் நல்லதும் உண்டு, உதவாததும் உண்டு. உதவாததை எறிந்துவிட்டு மிஞ்சியதைக் கொண்டாடுகிறார்கள். ஊர்ப் பாட்டுக் கோஷ்டிகளைப் பற்றி நாங்கள் கதைப்பதும் இப்படித்தான். ஒலிபெருக்கி கூவிக் கெடுத்த இரவுகள் ஒருவருக்கும் ஞாபகமில்லை.

2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் 21 வயலின் கலைஞர்களின் கண்ணை மறைத்து வாசிக்க வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோக 13 பேர் தெரிந்தது புது வயலின். ஆகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி.

நாங்களும் செய்து பார்த்தோம். அதே பெட்டியைக் கம்பனி 2004இல் திரும்பவும் வெளியிட்டது; அதில் ஒன்றை இரவல் வாங்கினோம். கொஞ்சம் உரத்துக் கேட்பதே நல்லதாகப் படும் என்பதால் இரண்டின் சத்தத்தையும் சமன் செய்தோம். ஒருவன் சுவரைப் பார்த்திருக்க, 20 தடவை. சரியாகச் சொன்னது 11. காசைச் சுண்டியே அவ்வளவு சொல்லலாம்.

பெடியனைக் கூப்பிட்டு அவனையும் சுவரைப் பார்க்க வைத்தோம். பத்தில் நாலு. "அப்ப ஏன் இவ்வளவு விலை?" என்றான். பழசு, அரிது, அதற்குத்தான் விலை, சத்தத்துக்கு இல்லை என்றோம். பாதி விலை தருவதாகச் சொன்னான்.

உண்மை சொன்னது மூன்று பேர், நட்டம் தங்கை உள்ளவனுக்கு. தெரிந்தே வாங்குபவன் வேறு எவனாவது முழு விலை தந்திருப்பான், இவனுக்குக் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம் என்று அவன் கேட்பதிலும் நியாயம் உண்டு. குறைந்த காசை மற்ற இருவரும் போடுவதாகச் சொல்லியிருக்கிறோம். அவன் இன்னும் ஓம் சொல்லவில்லை.