கண்ணோட்டமும் வேடிக்கையும்

கோடை விடுமுறை தொடங்கியதும் நம் பங்குகளிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் புறப்பட்டுவிடுகின்றன. இளைஞர் குழு, மரியாயின் சேனை, மறைக்கல்வி மாணவர், பாடகர் குழு என ஒவ்வோர் அமைப்பினரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் எங்காவது சென்றுவர விரும்புகின்றனர். முன்னாளில் வேளாங்கண்ணி, பூண்டி, ஓரியூர் எனத் திருத்தலங்களோடு நின்றுவிட்ட பயணம், இந்நாளில் 'பார்க்க வேண்டிய இடங்கள்' சிலவற்றையும் சேர்த்துக்கொண்டுள்ளது. காலையில் ஓரியூரில், புனித அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு குருதி சிந்திய செம்மணலில் முழந்தாளிட்டுச் செபிக்கிறோம். பிற்பகலில் செட்டிநாட்டு மாளிகைகளின் முன்னே வந்து இறங்குகிறோம். காலையில் நாம் திருப்பயணிகள், அதில் ஐயமில்லை. பிற்பகலில் நாம் யார்?

சுற்றிப் பார்க்கச் செல்வதே வீண் எனக் கருதும் குருக்கள் சிலரை நாம் அறிவோம். அவர்கள் பக்கம் நாம் இல்லை. ஆண்டு முழுவதும் வயலுக்கும் அடுப்புக்கும் இடையே நடந்து தேயும் ஒரு தாய், ஒரு நாள் சன்னலோரம் அமர்ந்து, தாம் சமைக்காத சோற்றை உண்டு, தாம் கண்டிராத ஒரு கூடத்தில் நின்று 'அம்மாடி!' என்று வியப்பது இறைவனுக்கு உகந்ததே. ஆகவே, செல்லலாமா கூடாதா என்பதன்று நம் கேள்வி. பிறர் வாழ்ந்த, இன்றும் பிறருக்கு உரிய ஓர் இல்லத்தைப் பார்ப்பதில் நீதி, அநீதி என ஒன்று உண்டா? கண் எதையும் எடுத்துச் செல்வதில்லையே. பார்ப்பதால் எவருக்கு என்ன குறைந்துவிடும்?

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகள் நிற்கின்றன. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை, காரைக்குடி என்னும் ஊர்ப் பெயர்களை வாசகர் அறிவர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எழுந்த வீடுகள் இவை. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்குமளவுக்கு நீண்டவை. பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலியப் பளிங்கில் தரை, பெல்ஜியத்துக் கண்ணாடிகள், முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சினால் இன்றும் மினுமினுக்கும் சுவர்கள். வானம் பார்த்த வளவில் நான்கு பக்கக் கூரைகளிலிருந்தும் மழைநீர் இறங்கி ஒன்று சேரும். 2014-ஆம் ஆண்டில் இவ்வூர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன.

வழிகாட்டிகள் இவற்றையெல்லாம் சொல்கிறார்கள். எத்தனை டன் தேக்கு, எந்த நாட்டுப் பளிங்கு, இன்று கட்டினால் எத்தனை கோடி ஆகும் என்கிறார்கள். நம்மவர்களும் வாய்பிளந்து கேட்கிறார்கள். வளவைச் சுற்றி வரிசையாக இருக்கும் சிறு அறைகளைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. நமக்கோ அவ்வீட்டின் உயிர் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. மணமான மகன் ஒவ்வொருவனும் ஒரு 'புள்ளி'யாகக் கணக்கிடப்பட்டு, அவனுக்கென ஓர் அறை ஒதுக்கப்பட்டது. பெற்றோர் அவனை 'வேறு வைத்தனர்'. அதாவது, ஒரே கூரையின்கீழ் அவன் குடும்பம் தனியாகச் சமைத்து, தனியாகச் செலவு செய்து வாழப் பழகியது. சேர்ந்திருக்கவும் தனித்திருக்கவும் ஒருசேரக் கற்றுக்கொடுத்த அமைப்பு அது. மாமியார் மருமகள் பூசலைத் தீர்த்து வைப்பதிலேயே முப்பது ஆண்டுகளைக் கழித்த பங்குக் குருக்களுக்கு இதன் அருமை நன்றாகவே விளங்கும்!

அப்புள்ளிகளின் பேரர்களும் பேத்திகளும் இன்று சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாழ்கின்றனர். பங்காளிகள் பலராகிவிட்டதால், ஓட்டை மாற்றவும் ஒப்புதல் பெறுவது அரிதாகிவிட்ட வீடுகள் உண்டு. எனினும், திருமணம், மணிவிழா, முன்னோரை நினைந்து செய்யும் படைப்பு ஆகியவற்றுக்கு எங்கிருந்தாலும் வந்து கூடுகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கண்டதும் கைவிடப்பட்டது என நாம் முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அது காத்திருக்கிறது.

ஒருமுறை கானாடுகாத்தானில், வேறோர் ஊரிலிருந்து வந்திருந்த குழுவினர் ஒரு வீட்டின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். திண்ணையில் மூதாட்டி ஒருவர் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரரா, வீட்டைப் பார்த்துக்கொள்பவரா, தெரியாது. இளைஞன் ஒருவன் கையை அசைத்து, அவரைச் சற்று விலகச் சொன்னான். கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவரும் முறத்தை எடுத்துக்கொண்டு விலகினார். படம் எடுத்தாயிற்று, அனைவரும் பேருந்தில் ஏறினர். 'போய் வருகிறோம், ஆச்சி' என்று அவரிடம் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. எவரும் எதையும் திருடவில்லை, எவரையும் ஏசவில்லை. ஆயினும், வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறவென்று நம் முன்னோர் அமைத்த திண்ணையிலிருந்து, வழிப்போக்கர் வந்து வீட்டில் இருப்பவரை எழுப்பிவிட்டார்களே என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில், அறிய விழையும் ஆவலை ஆராய்கிறார். அளவறிந்து, முயன்று, உண்மையைத் தேடும் ஆவலை நற்பண்பென்றும், அதற்கு எதிரான அலைபாயும் ஆர்வத்தைத் தீயபண்பென்றும் பிரிக்கிறார். குருமடத்தில் 'ஸ்தூதியோசித்தாஸ்', 'கூரியோசித்தாஸ்' என்று இலத்தீனில் மனப்பாடம் செய்த பாடம் அது. ஐம்புலன்களால் அறிவதிலும் இப்பிரிவு உண்டென அவர் காட்டுமிடத்தில், புனித அகுஸ்தினாரின் எடுத்துக்காட்டு ஒன்றை நினைவூட்டுகிறார். முயலை நாய் விரட்டும் காட்சியைக் காண அரங்கத்துக்குப் போவதை அகுஸ்தினார் விட்டுவிட்டாராம்; ஆனால், வயல்வழியே போகும்போது அக்காட்சி எதிர்ப்பட்டால், ஏதோ பெரிய சிந்தனையில் இருக்கும் தம்மையும் அது இழுத்துக்கொள்கிறதாம். காண்பது குற்றமன்று. கண்டது நம்மைச் சிந்தனையிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, தானும் நம்முள் தங்காமல் போய்விடுகிறதே, அங்குத்தான் குறை.

தோமையார் இதனைத் தன்னடக்கம் என்னும் புண்ணியத்தின்கீழ் வைத்தார். பார்ப்பவனின் உள்ளத்துக்கு என்ன நேர்கிறது என்பது அங்கே கேள்வி. நாம் இதனை நீதியின்கீழும் வைத்துப் பார்க்கத் துணிகிறோம். அவரவர்க்கு உரியதை அவரவர்க்குக் கொடுப்பது நீதியானால், பார்க்கப்படுபவருக்கு உரியது எது? முயலுக்கும் நாய்க்கும் நாம் ஒன்றும் கடன்படவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கீரை ஆயும் மூதாட்டிக்குக் கடன்பட்டிருக்கிறோம் அல்லவா?

நம் மொழியிலேயே இதற்கொரு வழி இருக்கிறது. ஒன்றைப் பார்ப்பதற்குத் தமிழில் சொற்கள் பல. நோக்குதல், காணுதல், கவனித்தல், வேடிக்கை பார்த்தல். வேடிக்கை பார்ப்பவன் எதிலும் சேராதவன். தெருவில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தாலும் 'நின்று வேடிக்கை பார்த்தான்' என்றே சொல்கிறோம்; அச்சொல்லில் கண்டனம் தானே வந்து ஏறிக்கொள்கிறது. மறுமுனையில் 'கண்ணோட்டம்' நிற்கிறது. திருவள்ளுவர் அதற்கென்றே 58-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். இந்நாளில் 'கருத்து நிலை' என்னும் பொருளில் நாம் அச்சொல்லைச் செலவழித்து வருகிறோம். அவர் கருதியதோ, காணும் கண் தன்னால் காணப்பட்டவர்பால் இரக்கத்தோடு ஓடுவதை. அதனை அவர் ஆள்வோருக்குரிய பண்புகளிடையே பொருட்பாலில் வைத்தார் என்பதும் எண்ணத்தக்கது. ஏனெனில், பார்ப்பவனுக்கு எப்போதும் ஒரு சிறு அதிகாரம் இருக்கிறது. பேருந்தில் வந்து இறங்குபவன் பார்க்கிறான், படம் எடுக்கிறான், புறப்படுகிறான். திண்ணையில் இருப்பவர் அங்கேயே இருக்கிறார்.

கண் இவ்வாறு ஓடத் தொடங்கினால் அது தூணோடு நின்றுவிடாது. தேக்கு வந்த வழியே பர்மாவுக்கும் ஓடும். அங்குக் கீழ்ப்பர்மாவின் உழவர்களுக்கு நகரத்தார் கடன் கொடுத்தனர். காடு திருத்தி நெல் விளைந்தது. உலகுக்கு அரிசி ஏற்றுமதியாயிற்று. மற்ற கடன்காரர்களைவிட இவர்கள் வாங்கிய வட்டி குறைவு என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். 1930-ஐ ஒட்டி உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல்விலை வீழ்ந்தபோது, கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலம், கடன் கொடுத்தவரின் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலவுடைமை, அப்பத்தாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 25 பங்காயிற்று. அவர்கள் விரும்பியது நிலத்தையன்று, பணத்தையே. ஆயினும், நிலம் இழந்த உழவனுக்கு அந்த வேறுபாட்டால் என்ன ஆறுதல்? பின்னர் 1942-இல் சப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது, கடனும் நிலமும் கணக்குப் புத்தகங்களும் அங்கேயே கிடக்க, தமிழர் பலர் காடும் மலையும் கடந்து நடந்தே தாயகம் திரும்பினர். வழியில் மாண்டவர் பலர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் செய்தது.

ஆகவே, அக்கூடத்தில் நிற்கும்போது நம்முன் இருப்பது ஒரு குலத்தின் பெருமை மட்டுமன்று. நிலம் போன பர்மிய உழவனும் அங்கிருக்கிறான். கடல் கடந்து சென்று எல்லாவற்றையும் விட்டு வந்த கணக்குப்பிள்ளையும் இருக்கிறான். தூணில் யாளியைச் செதுக்கிவிட்டுக் கூலி வாங்கிப்போன தச்சனும் இருக்கிறான். இதனால் அழகு குறைந்துவிடுகிறதா? நமக்கு அப்படித் தோன்றவில்லை. துன்பத்தோடு தொடர்புடைய அழகையெல்லாம் வெறுப்பதென்றால், நம் பழைய கோவில்களில் பலவற்றின் உள்ளேயும் நாம் நுழைய முடியாது. ஆனால், 'எவ்வளவு செல்வம்!' என்று வியந்து நின்றுவிடும் கண், பார்த்ததில் பாதியைத்தான் பார்த்தது.

கோவில் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. புகழ்பெற்ற நம் ஆலயங்களில் திருப்பலி நடக்கும் வேளையில், வெளியூர்ப் பார்வையாளர் நடுவழியில் நின்று, நற்கருணை உயர்த்தப்படும் நொடியில் படம் எடுப்பதைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். 'இது காட்சிப்பொருளா?' என்று கேட்கிறோம். அதே நாம், பிறர் வீட்டில் தெய்வத்துக்கும் முன்னோருக்கும் உரிய அறையின் கதவைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்ப்பது எவ்வகையில் பொருந்தும்? நம்பிக்கை வேறு என்பது மரியாதையைக் குறைப்பதற்குக் காரணமாகாது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது வலுவானதே. 'பார்வையாளர் வருவதால்தானே அவ்வூர்களில் அடுப்பு எரிகிறது? நீதி, கண்ணோட்டம் என்று பேசி அவர்களை விரட்டிவிடாதீர்கள்' என்பர். உண்மைதான். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்துத் தரைக்கல் செய்பவர்களுக்கு, வந்து பார்ப்பவர் வாங்குபவராகவும் மாறுவது வாழ்வாதாரம். பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களுக்கும் அப்படியே. அங்கே ஒரு மணி நேரம் நின்று, ஊற்றும் கையைப் பார்த்து, ஐயம் கேட்டு, ஒரு கொட்டானேனும் விலைபேசாமல் வாங்கி வருவதைவிடச் சிறந்த சுற்றுலா இல்லை என்பது நம் கருத்து. ஆனால், காசு கொடுத்ததனால் கடன் தீர்ந்தது எனக் கொள்வதுதான் தவறு. நுழைவுக் கட்டணம் வாசலைத் திறக்கிறது. வீட்டாரை நமக்குக் காட்சிப்பொருளாக விற்றுவிடுவதில்லை.

காசு வந்தும் அமைதி போன ஊர்கள் உலகில் உண்டு. ஆஸ்திரியாவில் ஏரிக்கரை மலைச்சரிவில் ஹால்ஸ்டாட் என்றொரு சிற்றூர். மக்கள் தொகை எண்ணூறுக்கும் குறைவு. கோடையில் ஒரே நாளில் வந்து இறங்குவோர் சில ஆயிரம். அவ்வூரின் அழகில் மயங்கிச் சீனாவில் அதைப்போலவே ஒன்றைக் கட்டி 2012-இல் திறந்தனர். 2023-இல் ஊரார், படம் எடுப்போர் கூடும் இடத்தில் ஏரியை மறைத்து ஒரு மரவேலியையே நட்டனர். எதிர்ப்பு எழவே அகற்றினர். தன் அழகைத் தானே மறைத்துக்கொள்ள ஓர் ஊர் முனைந்ததென்றால், அங்கு வந்துபோன கண்கள் எப்படிப்பட்டவையாய் இருந்திருக்கவேண்டும்!

செட்டிநாட்டு வீடுகள் சில இன்று தங்கும் விடுதிகளாகிவிட்டன. இதற்காக வருந்துவோர் உண்டு, நாம் வருந்தவில்லை. கூரை ஒழுகாமல் இருக்கிறது, சமையல் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது. அக்குடும்பத்தார் படைப்புக்கென்று வரும் நாளில் அவர்களுக்கு வளவு திறந்து கிடக்குமானால் அதுவே போதும். இடிக்கப்படும் வீடுகளே நம்மை வருத்துகின்றன. அவற்றின் தூண்களும் நிலைகளும் பீங்கான் சாமான்களும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன. அத்தகைய கடையொன்றில் சட்டமிட்ட திருமணப் படம் ஒன்றைப் பார்த்தோம். மணமகளுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். கழுத்தில் கனத்த கழுத்திரு. சட்டத்தின் மூலையில் விலைச்சீட்டு. 'இவர்கள் யார்?' என்று கேட்டோம். கடைக்காரர், 'தெரியாதுங்க, சாமி. இடிச்ச வீட்டுச் சாமானோட வந்தது. ஓட்டல்காரங்க சுவத்துல மாட்ட வாங்குவாங்க' என்றார். நம் பங்குப் பெண்மணி ஒருவர் முந்தானையால் அக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நெடுநேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.