வட்ட மேசையின் நடுவே

தங்கையின் வரவேற்பில் சாப்பாட்டு மேசைகளின் நடுவில் சென்டர்பீஸ் வைப்பதா வேண்டாமா என்ற விஷயத்தில் எனக்கும் அப்பாவுக்கும் நான்கு நாள் பேச்சு நின்றுபோயிருந்தது. கல்யாண வீட்டில் இதைவிட அற்பக் காரணங்களுக்கெல்லாம் பேச்சு நிற்கும் என்பதால் அம்மா கண்டுகொள்ளவில்லை.

மண்டபம் ஆவடிப் பக்கம், சி.டி.எச். ரோட்டில். மொத்தம் முப்பது வட்ட மேசைகள். அதில் ஆறு, ஏ.சி. போட்ட தனி அறையில்; கதவில் 'வி.ஐ.பி. டைனிங்' என்று பலகை. அலங்காரத்துக்குப் பூந்தமல்லியிலிருந்து வந்தவர் செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். இரண்டடி உயரக் கண்ணாடிக் குவளை, அதன் தலையில் துணி ரோஜாக்களால் ஒரு உருண்டை, அதிலிருந்து தொங்கும் அக்ரிலிக் மணிகள், அடியில் பேட்டரி விளக்கு. ஒரு ராத்திரிக்கு ஒன்றின் வாடகை 700 ரூபாய். முப்பதுக்கும் வைத்தால் 21,000.

"வி.ஐ.பி. ரூமுக்கு மட்டும் போட்டுக்கலாம் சார். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க" என்றார் அவர்.

"வச்சா எல்லாத்துக்கும் வைங்க. இல்லன்னா ஒண்ணுத்துக்கும் வேணாம்" என்றார் அப்பா.

நான் 'ஒண்ணுத்துக்கும் வேணாம்' கட்சி. என் காரணம் பணம் மட்டும் இல்லை. காரணங்களை அழகாகச் சொல்லவும் எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் பிரச்சினையே.

நம்முடைய பந்திக்கு நடு என்று ஒன்று கிடையாது. தரையில் பாய் விரித்த காலத்திலும் சரி, நீள மேசையில் பேப்பர் ரோல் விரிக்கும் இப்போதும் சரி, சாப்பிடுகிறவர்கள் ஒரே பக்கமாக வரிசையில் உட்காருகிறார்கள். எதிரில் இருப்பது பரிமாறுகிறவர் நடக்கும் பாதை. அவர் சாம்பார் வாளியோடு நம் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறார். 'போதும்' என்று கையை இலைக்கு மேல் நீட்டினால், அது நிஜமான போதுமா, கூச்சத்தில் சொல்கிற போதுமா என்று நம் முகத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரத்தின் கடைசிக் குறள் அனிச்சப் பூவைப் பற்றியது. அங்கே விருந்தாளி வாடுவது சாப்பாடு குறைந்ததால் இல்லை, விருந்து கொடுப்பவரின் முகம் மாறியதால். ஆக, விருந்து நடப்பது இலையில் அல்ல, இரண்டு முகங்களுக்கு நடுவில் என்று அப்பாவிடம் சொன்னேன். (லெவினாஸைப் பாதி படித்துவிட்டு எதற்கெடுத்தாலும் முகம், முகம் என்று பேசும் வயது.)

வட்ட மேசையில் இந்த ஏற்பாடு குலைந்துவிடுகிறது. பரிமாறுகிறவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறார். தோளுக்கு மேல் கரண்டி நீள்கிறது. யார் போட்டது என்று தெரியாமலே இலையில் பொரியல் விழுகிறது. வளைந்த விளிம்பில் நேரான இலை பொருந்தாமல் நம் இலையின் நுனி பக்கத்து இலை மேல் ஏறுகிறது. முன்பு பரிமாறுகிறவரின் முகம் இருந்த இடத்தில், சரியாக அதே இடத்தில், இப்போது துணி ரோஜா நிற்கிறது.

ஐரோப்பிய மேசையின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. அங்கே பல காலம் உணவுப் பாத்திரங்களையே மேசை நிறைய அடுக்கி வைத்தார்கள். கண்ணுக்கு விருந்தும் அதுவே. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை பரவியது. பணியாளர்கள் ஒவ்வொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து பரிமாறினார்கள். மேசையின் நடு காலியானது. பூவும் பழமும் வெள்ளிச் சிற்பமும் அங்கே பெருகின. அதற்கு முன்பும் மேசை அலங்காரம் இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அன்னாசிப் பழம் அவ்வளவு விலை. வாங்க முடியாதவர்கள் ஒரு மாலைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெட்டாமல் திருப்பிக் கொடுத்தார்கள். பூந்தமல்லிக்காரரின் தொழிலுக்கு நல்ல பரம்பரை இருக்கிறது.

நம் ஊர் ராஜாக்கள் சும்மா இருப்பார்களா? குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையின் விருந்து மேசையில் தண்டவாளம் போட்டு வெள்ளி ரயில் ஓட்டினார்கள் சிந்தியாக்கள். அது மதுவையும் சுருட்டையும் சுமந்து விருந்தாளிகள் முன்னால் வரும். குப்பியை எடுத்தால் நிற்கும், வைத்தால் நகரும். இதைவிட நேர்மையான சென்டர்பீஸ் எனக்குத் தெரியாது. பரிமாறும் ஆளின் இடத்தைப் பிடித்ததோடு நிற்காமல் அவர் வேலையையும் செய்தது. ஒன்றைத் தவிர. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று அதால் கேட்க முடியாது.

இதையெல்லாம் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் அப்பாவிடம் சொல்லி முடித்தேன். பேச்சு நிற்பதற்கு முந்தைய ராத்திரி அது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். பாதியில் குறுக்கிட மாட்டார்.

"நீ சொல்ற பந்தில நீ எங்க உக்காந்திருந்த?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை.

அவருடைய ஊர் செய்யாறு பக்கம். பதினோரு வயதில், நிலத்துக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு விறகு பிளக்கத் தாத்தாவோடு போயிருக்கிறார். நான்கு பந்தி முடியும்வரை மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றிருக்கிறார்கள். ஐந்தாவதாகக் கொல்லையில் உட்கார வைத்தார்கள். பரிமாற வந்த ஆள் குனியவில்லை. இடுப்பு உயரத்திலிருந்து சோறு விழுந்தது, ரசம் தெறித்தது. "அவன் மொகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. அவனும் என் மொகத்தப் பாக்கல" என்றார். எந்தச் சாதி என்று நான் எழுத வேண்டியதில்லை. எங்கே உட்கார வைத்தார்கள் என்பதிலேயே அது இருக்கிறது.

பிறகு சொன்னார்: "வட்ட மேசைக்குக் கடைசி கெடையாதுடா. எங்க உக்காந்தாலும் நடு அதே தூரம்தான்."

நான் பந்தியைப் பற்றிச் சொன்னது எதுவும் பொய் இல்லை. ஆனால் அது முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களின் உண்மை. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் 1920களில் காங்கிரஸையே உலுக்கியது. 1925இல் பெரியார் அதிலிருந்து வெளியேறியதற்குப் பின்னால் இருந்த கசப்புகளில் அதுவும் ஒன்று. பாடமாகப் படித்தபோது, இரண்டு பையன்கள் தனியாகச் சாப்பிட்டதற்கா இவ்வளவு என்று நினைத்திருக்கிறேன். பரிமாறுகிறவர் முகம் பார்க்கும் விருந்து போய்விட்டதே என்று நான் அழுதது, அப்பாவுக்கு ஒருநாளும் கிடைக்காத ஒன்றுக்காக. அவரிடமிருந்து எதுவும் போகவில்லை. 700 ரூபாய் துணி ரோஜாவில் அவர் கண்டது ஆடம்பரத்தை இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை, எதிரில் ஒரு கதை வந்துவிட்டால் வாதத்தில் தோற்றுவிட்டதாக எரிச்சல்தான் வருகிறது. "அதுக்கு இருபத்தோராயிரமா?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் நான்கு நாள்.

சமத்துவத்தை இப்படி வாடகைக்கு எடுக்க முடியுமா என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. எல்லா மேசைக்கும் ஒரே குவளை என்பது நியாயம். ஆனால் முகம் பார்க்காமல் போடும் சோறு முந்நூறு பேருக்கும் சமமாகக் கிடைத்தால், கொல்லையில் விழுந்த சோற்றை எல்லோருக்கும் பொதுவாக்கியது போல ஆகாதா? 1955 ஜனவரியில் இதே ஆவடியில் கூடித்தான் காங்கிரஸ் சோஷலிச பாணி சமுதாயம் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானத்தில் எழுதிவிடலாம். குனிந்து போடு என்று எப்படி எழுதுவது?

கடைசியில் முப்பது மேசைக்கும் வைத்தார்கள். கதவிலிருந்த வி.ஐ.பி. பலகையை அப்பா கழற்றச் சொல்லிவிட்டார். அழகாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். விளக்கைத் தணித்தபோது கூடம் முழுக்க மணிகள் மினுங்கின. சொந்தக்காரர்கள் குவளைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்பதரை மணிக்கு அப்பா தன் பழைய சிநேகிதரோடு சாப்பிட உட்கார்ந்தார். இருவரும் ஒரே ஷாப்பில் பக்கத்துப் பக்கத்து மெஷின். சத்தத்தில் அவருக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். பக்கத்து நாற்காலிகளில் ஏற்கெனவே ஆட்கள் இருந்ததால் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று. நடுவில் குவளை. அவர் இந்தப் பக்கம் சாய, அப்பா அந்தப் பக்கம் சாய, கொஞ்ச நேரம் கண்ணாமூச்சி நடந்தது. அப்புறம் அப்பா எழுந்து குவளையைத் தூக்கித் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

அலங்காரக்காரரின் ஆள், பதினெட்டு வயதிருக்கும், ஓடி வந்து அதை எடுத்து மறுபடி நடுவில் வைத்தான். "வீடியோ எடுக்கறாங்க சார், ஒரு டேபிள் மட்டும் காலியா தெரியும்."

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். "நீ சாப்டியாப்பா?"

"நாங்க லாஸ்ட்ல சாப்பிடுவோம் சார்."

அப்பா தன் இடத்திலிருந்து எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளினார். பையன் உட்காரவில்லை. ஓனர் நின்றிருந்த பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, சாய்ந்திருந்த ஒரு ரோஜாவை நிமிர்த்தி வைத்து, அடுத்த மேசைக்குப் போனான்.