அணியும் நன்றியும்

ஆண்டுதோறும் மாசி, பங்குனி மாதங்கள் வந்துவிட்டால் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளிற் பழைய வீரர்களின் கழுத்தில் மாலைகள் விழத் தொடங்குகின்றன. மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டத்தை ‘வடக்கின் பெருஞ்சமர்’ என்கிறோம். நூறோட்டம் எடுத்தவர், தலைமை தாங்கியவர், இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வந்திறங்கியவர் ஆகியோர் முன்வரிசையில் இருத்தப்படுகின்றனர். இதிற் பிழையென்ன என்று கேட்கலாம். பிழையொன்றுமில்லை. ஆயினும் இதற்கு நன்றி என்று பெயரிடலாமா என்பதே எமது ஐயம்.

தனியொருவரின் ஆட்டத்தில் இவ்வையம் எழுவதில்லை. மத்திய கல்லூரியின் பழைய மாணவர் நா. எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் வென்றார். ஆசிய விழாக்களில் இலங்கைக்குக் கிடைத்த முதற் பொற்பதக்கம் அது. கம்பைத் தாண்டியவர் அவர். நாடு அவரைப் பாராட்டியது. கணக்கு நேராகிவிட்டது.

கணக்குக் குழம்புவது அணியிலேதான். குழப்பத்தின் எல்லையைக் காண, நமக்குப் பழக்கமில்லாத ஒரு விளையாட்டை நினைத்துப் பார்ப்போம். (பனிக்கட்டியை நாம் கண்டது மீன் பெட்டியிலும் சர்பத்துக் கடையிலுந்தான்!) 1956இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரிற் பிறந்தது கூட்டுப் பனிச்சறுக்கு. இன்று அதன் உயர்நிலைப் போட்டிகளிற் பதினாறு பேர் கைகோத்து ஒரே உடலாய்ச் சுழல்கின்றனர். அவர்களுள் ஒருத்தி தனியே கண்ணிற் பட்டாளாயின், பெரும்பாலும் அவள் அடி பிசகிவிட்டாள் என்றே பொருள். சரியாக ஆடியவள் கூட்டத்துள் மறைந்துபோகிறாள். அவள் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னர் எதனைச் சொல்லி அவளுக்கு நன்றி கூறுவது?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. நம் பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்தாட்டத்தை எடுத்துக்கொள்வோம். அணிக்கு எழுவர். பந்தை ஏந்தியவள் அதனுடன் ஓடலாகாது; மூன்று விநாடிக்குள் அதை எறிந்துவிட வேண்டும். வளையத்துள் இடும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு. எஞ்சிய ஐவர் எத்துணைத் திறமையுடன் ஆடினும் அவர் பெயரில் ஒரு புள்ளியேனும் எழுதப்படமாட்டாது. ஆட்ட விதியே அப்படி. ஈவினையிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 2009இலும் 2018இலும் ஆசிய வெற்றிக் கிண்ணத்தைப் பெற்ற இலங்கை அணியில் வளையத்தின்கீழ் நின்றார். அவர் புகழ் நம் புகழ் என்று கொண்டாடினோம். ஆனால் அவர் உயர்த்திய கைகளுக்குப் பந்து தானாக வந்து சேரவில்லையே! நடுக்களத்திலிருந்து அதை அனுப்பிவைத்தவர்களுட் பெரும்பாலார் சிங்களப் பெண்கள். அவர்களுள் ஒருத்தியின் பெயரையாவது சொல்லக்கூடிய யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர்?

வள்ளுவர் தம் அதிகாரமொன்றுக்குச் ‘செய்ந்நன்றி அறிதல்’ என்று பெயரிட்டார். நாமோ அறிதலை விட்டுவிட்டுக் கூறுதலைப் பிடித்துக்கொண்டோம். ‘நன்றியுரை’ என்பது கூட்ட நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி. சபையோர் செருப்பைத் தேடும் நேரம். அறிதல் உழைப்பு வேண்டுவது. யார் செய்தார், எவ்விடத்தில் நின்று செய்தார், இப்பொழுது எங்கிருக்கிறார் எனத் தேடித் தெரிந்துகொள்ளும் வேலை அது.

நாமறிந்த கிராமப் பாடசாலையொன்றில், முன்னொரு காலத்தில் வலயப் போட்டியில் வென்ற வலைப்பந்தாட்ட அணியைக் கௌரவிக்கத் தீர்மானித்தனர். பந்தை வளையத்துள் இட்ட இருவரும் வந்தனர். ஒருத்தி வங்கியில் வேலை செய்பவள், மற்றவள் ஆசிரியை. இருவருக்கும் பொன்னாடை போர்த்தப்பட்டது. எதிரணியின் பந்தைப் பாய்ந்து பாய்ந்து மறித்தவளோ கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலே தைக்கிறாள். விழா நடந்ததோ வேலை நாளில். விடுப்பெடுத்தால் அன்றைய கூலியுடன் மாத முடிவில் வரவேண்டிய வரவுக் கொடுப்பனவும் போய்விடும். அவள் வரவில்லை. இன்னொருத்தியின் முகவரியே எவரிடமும் இல்லை. ஒலிபெருக்கியில் ‘மற்றும் ஏனையோர்’ என்றார்கள். ஐந்து பெண்கள் ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போயினர்.

அவர்கள் தம் மகிழ்ச்சிக்காகத்தானே ஆடினார்கள், இதிற் கடன் எங்கே வந்தது என்று வாதிடுவோர் உளர். மகிழ்ந்து செய்ததனாலேயே ஒரு செயலின் பயன் இல்லாமற் போய்விடுமா? பந்தை எப்படி வாங்குவது, விழாமல் எங்ஙனம் நிற்பது, தோற்ற பின் எதிரணிக்கு எவ்வாறு கைகொடுப்பது என்பவற்றை மேல்வகுப்பு அக்கா கீழ்வகுப்புத் தங்கைக்கு மாலைவேளைகளிற் சொல்லிக் கொடுத்தாள். இன்று களத்தில் நிற்கும் பிள்ளை அந்த அக்காவைக் கண்டதேயில்லை. ஆனால் அவள் கால் வைக்கும் முறை அந்த அக்காவினுடையது.

அறியப் புகுந்தால் இன்னுஞ் சிலர் தென்படுவர்: அணியில் நிற்கவே விடப்படாதவர்கள். 1945இல் இலவசக் கல்வி வரும்வரை, கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்குப் பெரிய கல்லூரிகளின் மைதானம் வேலிக்கு அப்பாலிருந்து பார்க்கும் பொருளாகவே இருந்தது. சாதியின் பெயரால் வகுப்பறையிலே தரையில் இருத்தப்பட்ட பிள்ளை களத்திலே தோளோடு தோள் நிற்பது எப்படி? 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசும் – பின்னாளில் அது வாலிபர் காங்கிரஸ் எனப்பட்டது – அதனோடு நின்ற ஆசிரியர்களும் சம ஆசனத்துக்காக வாதாடினர். வாங்கிலில் அருகருகே இருக்கும் உரிமைக்காக ஏச்சும் அடியும் பட்ட பிள்ளைகள் எந்த ஆட்டத்தின் பெயர்ப் பட்டியலிலும் இல்லை. எம் கணக்கில் அவர்களும் முன்னாள் அணியினரே.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களின் பணத்தாற் பல மைதானங்கள் திருந்தியிருக்கின்றன. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் பணம் அனுப்பியவர் பெயர் சலவைக்கல்லிலும், பந்தை மறித்தவள் பெயர் ‘ஏனையோரி’லும் இருக்குமாயின், அங்கே நடப்பது கொடுக்கல் வாங்கல்.

பாடசாலைகளில் உள்ள நாம் செய்யக்கூடியது பெரிய காரியமன்று. ஒரு கொப்பி போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஊருக்குள் விசாரித்து, எந்த ஆண்டு அணியில் யார் யார் எங்கே நின்றனர் என்று எழுதத் தொடங்கலாம். ‘ஏனையோர்’ என்ற சொல்லுக்கு அதில் இடம் வேண்டாம். அடுத்த கௌரவிப்பு விழாவை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக்கு அன்று விடுமுறை. கிளிநொச்சியிலிருந்து வந்து போகும் பேருந்துக் கட்டணத்தைப் பழைய மாணவர் சங்கம் கொடுக்கட்டும்.